ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) ஆசிரியர் விருது என்றால் என்ன, யாருக்குத் தருகிறார்கள்?

கணினி, அலைபேசி, காணொளி இதையெல்லாம் வைத்துப் பாடத்தைப் புதுவிதமாகப் புரியவைக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்றியக் கல்வி அமைச்சகம் தரும் தேசிய விருது இது.

எதற்குத் தனியாக ஒரு விருது? ஓர் ஆசிரியர் கண்டுபிடித்த வழி அவருடைய வகுப்பறையின் நாலு சுவருக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது, மற்ற பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான். எங்கள் பாலக்காடு சித்தூர் பக்கமும் மூணாறு பக்கமும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளை நினைத்தால் இதன் அருமை புரியும்: 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸில் வந்த வகுப்புகள் முதலில் மலையாளத்தில்தான் பிரபலம், அப்புறம் தமிழிலும் பாடம் எடுக்க ஆசிரியர்கள் முன்வந்தார்கள், அந்த உழைப்பைக் கட்டாயம் பாராட்ட வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் எல்லாத் தென்னந்தோப்பிலும் கிடக்கிறது, எந்த மரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்து திறப்பவருக்குத்தான் காய் நிறைகிறது. வகுப்பறையிலும் அப்படித்தான்.

ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கும் பெரிய பள்ளிக்குத்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, விருது ஆசிரியருக்கு, அரசுப் பள்ளி ஆசிரியரும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.