நகைக்கடனா, மூணு வட்டிக் கடனா: எதை முதல்ல அடைக்கிறது?

மூணு வட்டிக் கடனைத்தான் முதல்ல அடைக்கணுங்க. வீட்டுச் செலவைச் சுருக்கி மாசம் மிச்சம் பிடிக்கிற 5,000 ரூபாயை ரெண்டு கடனுக்கும் பாதிப்பாதியா ஆறு மாசமாக் கட்டியும் கடன் குறையலைன்னு கேட்டிருக்கீங்க. அங்கதான் பணம் கரையுது. நூத்துக்கு மாசம் 3 ரூபாய்னா வருசத்துக்கு 36 சதவீதம். உங்க பேங்க் நகைக்கடன் 9 சதவீதம், அதாவது 75 பைசா வட்டி. 5,000-ஐ நகைக்கடன் அசல்ல கட்டினா மாசம் 37.50 ரூபாய் வட்டி குறையும். மூணு வட்டிக் கடன் அசல்ல கட்டினா 150 ரூபாய் குறையும்.

ஆறு மாசமாக் கட்டியும் மூணு வட்டிக் கடன் அப்படியே நிக்குதுன்னா, குடுத்த பணம் அசல்ல வரவாகாம இருக்கலாம். கடன் வாங்கினப்ப எழுதிக் குடுத்த புரோநோட்டோட பின்பக்கம் பாருங்க: தேதி, தொகை, ‘அசலில் வரவு’ன்னு எழுதி, கடன் குடுத்தவர் கையெழுத்து இருக்கணும். இல்லைன்னா இந்த வாரமே எழுதி வாங்கிருங்க. சிலர் பத்தாயிரமாச் சேர்த்துக் குடுத்தாத்தான் அசல்ல வரவு வெப்பாங்க. அப்படின்னா ரெண்டு மாசப் பணத்தைத் தனியாச் சேர்த்து வெச்சுக் கட்டுங்க.

திருப்பூர்ல பனியன் கம்பெனிச் சம்பளம் வாரச் சம்பளம்தானே, சனிக்கிழமை கைக்கு வந்ததுமே 1,250 எடுத்து வெச்சிருங்க. மாசக் கடைசியில பார்த்துக்கலாம்னா நிக்காது.

அந்த 5,000 மிச்சமாகணும்னா, கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டவே கூடாது. தாண்டினா 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிரும். ரேசன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, விட்டுராதீங்க.

ஒண்ணு மட்டும் கவனம்: நகைக்கடன் வட்டியைக் கெடுத் தேதிக்குள்ள கட்டிருங்க. கட்டாமலே விட்டா நகை ஏலத்துக்குப் போயிரலாம்.