பனி கொட்டும் நாளில் வீட்டில் அருந்த, வலுவான கறுப்பு பீர் எதைத் தேர்ந்தெடுப்பது?

கனடாவிலிருந்து நீங்கள் கேட்டது நேரான கேள்வி. அதற்கு வந்த முதல் பதிலோ, "இதையெல்லாம் பாண்டிச்சேரிக்காரர்களிடம் கேளுங்கள்" என்ற கேலி. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான் அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வார இறுதியில் எங்கள் கடற்கரைச் சாலையில் குடித்துவிட்டுக் கூச்சலிடுபவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு.

உண்மையில், கறுப்பு பீர் குறித்து எனக்கு நெடுநாள் ஒன்றுமே தெரியாது. எங்கள் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று கேட்டால் கிடைப்பது லாகர் எனப்படும் வெளிர்மஞ்சள் பீர்தான். இந்திய விதிப்படி ஐந்துக்கு மேல் எட்டு சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள அதை, ஜில்லிப்பு அடங்குவதற்குள் குடித்து முடித்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு ஜனவரியில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் இரண்டு பாட்டில்கள் வாங்கி வைத்திருந்தார்: ஒன்று 4.2 சதவீத ஸ்டவுட், அதாவது வறுத்த பார்லியால் கறுத்த பீர். மற்றொன்று பெல்ஜியத் துறவிகளின் மடத்திலிருந்து வரும், 11.3 சதவீதமுள்ள ரோஷ்ஃபோர் 10. இரண்டையும் மாடி முகப்பில் குவிந்திருந்த பனிக்குள் செருகிவிட்டு, குளிர்பெட்டிக்கு வேலை மிச்சம் என்ற பெருமையோடு உறங்கப் போனேன். இரவில் வெப்பநிலை மைனஸ் நான்கு டிகிரிக்கு இறங்கியது. காலையில் ஸ்டவுட் பாட்டில் வெடித்து, பனியெல்லாம் காப்பி டிகாக்‌ஷன் கொட்டியது போலக் கிடந்தது. ரோஷ்ஃபோர் உறையாமல் தப்பியிருந்தது. "மாப்பிள்ளை, ஆல்கஹால் கூடினால் உறைநிலை இறங்கும், நிறம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், சரக்கு வேற" என்றார் மாமா. அன்று முதல் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை, லேபிளில் உள்ள எண்ணைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே வறுத்த பார்லியின் காப்பிக் கசப்பு பிடித்தால், எட்டு முதல் பன்னிரண்டு சதவீதம் வரை வரும் இம்பீரியல் ஸ்டவுட்டை எடுங்கள். கசப்பு குறைவாக, ரொட்டியின் மேலோட்டைப் போன்ற மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பு வேண்டுமானால் டாப்பல்பாக் என்ற வலுவான ஜெர்மானிய பீர் வகை, உதாரணமாக 7.9 சதவீத சால்வேட்டர். இலங்கைப் பொருட்கள் கிடைக்கும் ஊரானால் 8.8 சதவீத லயன் ஸ்டவுட்டைத் தேடிப் பாருங்கள். நுவரெலியாவின் மலைக்குளிரில் தொடங்கிய மதுவாலையின் பீர் அது. என் சொந்தத் தேர்வு ரோஷ்ஃபோர்தான்: பேரீச்சை, அத்திப்பழம், அடியில் எனக்கு மட்டும் தோன்றியதோ என்னவோ, கருப்பட்டி வாசனை. அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கியிருக்கும் என்பதால், கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு, வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஒரு மாலைக்கு 330 மில்லி பாட்டில் ஒன்று போதும்.

குடியைப் பரப்புகிறேன் என்று எழுதவிருப்பவர்களுக்கு: கேட்டவர் குடிக்கலாமா என்று கேட்கவில்லை, எதைக் குடிக்கலாம் என்றுதான் கேட்டார். குளிருக்கு மருந்து என்றும் நான் சொல்லவில்லை. ஆல்கஹால் தோலடி இரத்தக்குழாய்களை விரியச் செய்வதால் உடல் கதகதப்பதாகத் தோன்றுமே தவிர, உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்; வாசலில் பனி அள்ளும் வேலை இருந்தால் அதை முடித்துவிட்டே பாட்டிலைத் திறவுங்கள்.

பரிமாறும் வெப்பநிலை பத்து முதல் பதின்மூன்று டிகிரி. இதற்கு மறுபக்கத்தையும் அனுபவித்திருக்கிறேன். மாமா கொடுத்தனுப்பிய ரோஷ்ஃபோர் ஒன்றை, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, இதுவே எங்கள் ஊர்ப் பனி என்று சொல்லிக்கொண்டு திறந்தேன். மின்சாரம் இல்லை, குளிர்பெட்டி ஓடவில்லை, பீர் அறையின் சூட்டிலேயே இருந்தது. அத்திப்பழமும் கருப்பட்டியும் போன இடம் தெரியவில்லை. சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறியது.