குழு கலைந்த பிறகு தொண்டை இறுகுகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. 11 ஆண்டுகள் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகனாக இருந்தேன். சென்ற ஆண்டு குழு கலைந்துவிட்டது. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. பணக் கணக்கில் மனக்கசப்பு வந்தது, ஒத்திகைகள் குறைந்தன, ஒரு நாள் கிதார் வாசிப்பவர் தன் ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

இப்போது என் பெயரில் பாடுகிறேன். எட்டுப் புதிய பாடல்கள் கைவசம் உள்ளன. ஆனால் மேடையில் முதல் வரியிலேயே தொண்டை இறுகிவிடுகிறது. முன்பெல்லாம் எங்கள் டிரம்ஸ் கலைஞரின் இடது தோள் எழும்புவதைப் பார்த்துத்தான் மூச்சை இழுப்பேன். இன்றும் என்னை அறியாமல் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். கூட்டமோ பழைய பாடல்களைக் கேட்டுக் கத்துகிறது. பாடினால் திருடுவதுபோல் இருக்கிறது. பாடாவிட்டால் நன்றி மறந்தவனாகத் தோன்றுகிறது. கொஞ்சம் குடித்த பிறகுதான் கை நடுக்கம் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் "இது நல்ல விஷயம்தானே" என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் துக்க வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

துக்க வீடு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சரியான சொல் அது. ஒருவர் இறந்தால் ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். குழு கலைந்தால் யார் வருவார்கள்? அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா இதை 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' என்ற பொருளில் 1989-இல் ஒரு நூலாகவே தொகுத்தார். இழப்பு உண்மையானது, ஆனால் சுற்றியிருப்பவர்கள் அதை இழப்பாகக் கருதுவதில்லை. வாழ்த்துகிறவர்கள் நடுவில் அழ முடியாமல் நிற்கிறீர்கள். தொண்டை இறுகுவதில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் போட மாட்டேன். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டுங்கள். பல ஆண்டுகள் உரக்கப் பாடியவர்களுக்கு அங்கே முடிச்சுகள் வரலாம். அது இல்லையென்று தெரிந்தால், குரல் பயிற்சியாளர் கழுத்துத் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தக் கற்றுத்தருவார்.

மூச்சைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். 11 ஆண்டுகளாக உங்கள் மூச்சுக்கான கணக்கு இன்னொருவர் உடலில் இருந்திருக்கிறது. புதிய டிரம்ஸ் கலைஞரிடம் அந்தத் தோளைத் தேடினால் இருவருக்கும் வேதனைதான். ஒரு வாரம் தாளமே இல்லாமல், ஒரே ஒரு பாடலை மட்டும் உட்கார்ந்தபடி மெதுவாகப் பாடிப் பாருங்கள். மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்பதை உங்கள் வரிகளே சொல்லட்டும். அது படிந்த பிறகு புதியவரை அழையுங்கள். இம்முறை அவர் உங்களைப் பார்த்து வாசிக்கட்டும்.

பழைய பாடல்களில் அவசரம் வேண்டாம். 1970-இல் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்தபோது அதன் பாடகர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னிக்கு வயது 27. ஸ்காட்லாந்துப் பண்ணையில் முடங்கிக் கிடந்ததையும் குடித்ததையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1972-இல் புதிய குழுவோடு வேனில் ஏறி, முன்னறிவிப்பில்லாமல் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பாடினார். நாட்டிங்காமில் தொடங்கிய அந்தப் பயணத்தில் பீட்டில்ஸ் பாடல் ஒன்றுகூடக் கிடையாது. 1975-இல் தொடங்கிய உலகப் பயணத்தில் சிலவற்றைப் பாடினார். அவருக்கே அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. நீங்களும் சிறிய அரங்குகளில், புதிய பாடல்களை மட்டும் கொண்டு சில மாதங்கள் பாடலாம். பாடல் உரிமை யாருக்கு என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அதை நள்ளிரவுக் குறுஞ்செய்திகளில் பேசாதீர்கள்.

குடியைப் பற்றி மழுப்ப எனக்கு மனமில்லை. அது இன்றைய பதற்றத்தைத் தணித்து, நாளைய பதற்றத்தைக் கூட்டிவிடும். மேடை இல்லாத நாட்களிலும், காலை எழுந்ததும் கை நடுங்கினால், நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்தாகலாம், மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் டிரம்ஸ் கலைஞரைப் பற்றி ஒரு கசப்பான சொல்கூட இல்லை. தன் தோளைப் பார்த்துத்தான் நீங்கள் இத்தனை காலம் மூச்சு விட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால், மீண்டும் சேரும் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்