600 கேபிள் இணைப்பு வைத்திருப்பவர் எந்த ஓஎல்டி வாங்கலாம்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறேன். 600 இணைப்புகள் இருக்கின்றன. உரிமம் உள்ள ஓர் இணைய நிறுவனத்திடம் ஃபிரான்சைஸ் எடுத்து ஃபைபர் இணையமும் கொடுக்கப் போகிறேன். கடைசிக் கிராமம் 6 கிலோமீட்டர் தூரம். 4 போர்ட் இபான் ஓஎல்டி (ஃபைபர் லைன்கள் கிளம்பும் தலைமைப் பெட்டி) போதும், விலையும் குறைவு என்கிறார் ஒரு டீலர். பெரிய நிறுவனம் ஒன்று கழற்றிப் போட்ட சேசிஸ் (கார்டுகள் செருகும் பெரிய பெட்டி) ஓஎல்டியை அதே விலைக்குத் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். எதை வாங்கலாம்? டிவியையும் அதே ஃபைபரில் அனுப்ப முடியுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். 8 போர்ட் ஜிபான் ஓஎல்டி ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். (இபான், ஜிபான் இரண்டும், ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பான் முறையின் ரகங்கள்.) பவர் சப்ளை இரண்டு இருக்கட்டும், இணைய நிறுவனத்தின் பக்கம் போகும் அப்லிங்க் 10 ஜி (ஜிபிபிஎஸ்) இருக்கட்டும். டிவி தாராளமாக அதே ஃபைபரில் போகும், அதற்குத் தனியாகச் சில செலவுகள் உண்டு.

பழைய சேசிஸை முதலில் முடித்துவிடலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் 48 வோல்ட் டிசியில் ஓடும், அதற்கு ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வேண்டும், மின்சாரமும் நிறையக் குடிக்கும். ஒரு கார்டு போனால் அதே ரகத்தைத் தேடி ரிச்சி தெருவில் அலைய வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2021 ஜூன் 15 முதல் உரிமதாரர்கள் தங்கள் நெட்வொர்க்கில் புதிதாகச் சேர்க்கும் கருவி, அரசு ஏற்ற நம்பகமான நிறுவனத்திடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பான் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சான்றும் உண்டு. உரிமம் உங்கள் பெயரில் இல்லை என்பதால், எந்த மாடல் வாங்குவதாக இருந்தாலும் முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் இணைய நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பழைய பெட்டிக்கு அப்படிச் சம்மதம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து இபானா, ஜிபானா? இபானில் ஒரு போர்ட்டுக்குக் கிடைப்பது 1 ஜிபிபிஎஸ். ஜிபானில் இறங்குவதற்கு சுமார் 2.5, ஏறுவதற்கு 1.25. மாலை நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 3 எம்பிபிஎஸ் என்று நான் கணக்கு வைப்பேன். ஒரு போர்ட்டில் வரும் 64 வீட்டுக்கு 192 எம்பிபிஎஸ். இந்தக் கணக்குப்படி இபானே தாங்கும், டீலர் பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் இப்போது 200, 300 எம்பிபிஎஸ் பிளான்தான் பேச்சு. ஒரே போர்ட்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டால் இபான் மூச்சுத் திணறும், உங்களுக்கு போன் வரும். மேலும், இப்போது விற்கும் ஓஎன்யூக்களில் (வீட்டில் வைக்கும் பெட்டிகள்) பல எக்ஸ்பான் ரகம், இரண்டிலும் ஓடக்கூடியவை. ஆகவே இபானில் நீங்கள் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் ஓஎல்டி விலையில் மட்டும்தான். அது ஒரு தடவைச் செலவு.

அப்லிங்கை 10 ஜி என்று நான் வற்புறுத்துவதற்கும் இதே கணக்குதான் காரணம். போர்ட்டுக்கு 64 வீடு வீதம் எட்டு போர்ட்டும் நிறைந்தால் 512 வீடு, சுமார் 1.5 ஜிபிபிஎஸ் ஆகிறது (600 வீடும் இணையம் கேட்டால் கூடுதல் போர்ட் வேண்டியிருக்கும்). 1 ஜி அப்லிங்க் மட்டும் உள்ள மலிவுப் பெட்டி பாதி வழியிலேயே முட்டி நிற்கும்.

உங்கள் பணம் உண்மையில் போகும் இடம் ஓஎன்யூ. ஒன்றுக்கு 100 ரூபாய் கூடினாலும் 600 வீட்டுக்கு 60,000 ரூபாய். அதற்காக இருப்பதிலேயே மலிவானதை அள்ளிவிடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் உள்ளதை 100 எம்பிபிஎஸ் பிளானுக்குக் கொடுத்தால் போனில் அதில் பாதிதான் தெரியும், பழி உங்கள் மேல் விழும். குறைந்த பிளானுக்கு அது போதும், மற்றவர்களுக்கு டூயல் பேண்டும் ஜிகாபிட் போர்ட்டும் கொடுங்கள்.

எக்ஸ்பான் என்று அட்டையில் எழுதியிருந்தால் எந்த ஓஎல்டியிலும் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். ரெஜிஸ்டர் ஆகும், பச்சை விளக்கும் எரியும். சோதனை அதற்கு அப்புறம்தான். டீலர் கடையில் உட்கார்ந்து, வெவ்வேறு பிராண்ட் ஓஎன்யூ இரண்டை மாட்டச் சொல்லுங்கள். பிபிபிஓஇ (இணைய லாகின்) யூசர் நேம், வைஃபை பாஸ்வேர்டு இரண்டையும் ஓஎல்டி பக்கமிருந்தே ஏற்றச் சொல்லுங்கள். பிறகு ஓஎன்யூவின் பின்புறத்து ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்துங்கள். பெட்டி மறுபடி எழும்போது பழைய செட்டிங்கை ஓஎல்டியிடமிருந்து தானே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கவில்லை என்றால், வீட்டுப் பிள்ளை ஒருமுறை ரீசெட் அழுத்தினாலும் நீங்கள்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி வெளிச்சக் கணக்கு, அதாவது வழியில் எத்தனை டிபி (வெளிச்ச இழப்பின் அளவு) போகிறது என்பது. 1:8 ஸ்ப்ளிட்டர் (ஓர் இழையை எட்டாகப் பிரிப்பது) இரண்டு அடுக்கு போட்டால் 64 வீடு. ஒவ்வொன்றிலும் 10.5 டிபி வீதம் 21 போகும். 6 கிலோமீட்டர் ஃபைபருக்கு 2.1, ஆறு ஸ்பிளைசுக்கு (இழை ஒட்டு) 0.6, நான்கு கனெக்டருக்கு 1.6. மொத்தம் 25.3 டிபி. ஓஎல்டி போர்ட்டில் செருகும் பி பிளஸ் எஸ்எஃப்பியின் (லேசர் மாட்யூல்) வரம்பு 28. மிச்சம் 2.7 டிபிதான். லாரி இடித்து இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு, ஒரு கனெக்டரில் தூசியும் ஏறினால் அது கரைந்துவிடும். டிவியையும் சேர்த்தால் இரண்டு வெளிச்சத்தையும் இணைக்கும் டபிள்யூடிஎம் இன்னும் ஒரு டிபியைத் தின்னும். அதனால் 32 டிபி வரம்புள்ள சி பிளஸ் எஸ்எஃப்பியே கேளுங்கள். ஓஎன்யூவில் மைனஸ் 20 முதல் மைனஸ் 24 டிபிஎம் (வெளிச்ச பவரின் அளவு) வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைனஸ் 26 காட்டும் வீட்டை இன்றைக்கு ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் லைனில் ஏற்கெனவே டிவி நோடுகளுக்கு (ஃபைபர் வெளிச்சத்தைக் கேபிள் சிக்னலாக்கும் பெட்டிகள்) வெளிச்சத்தைப் பங்கு பிரிக்கப் போட்ட கப்ளர்கள் இருக்கும். அவற்றை அப்படியே இணையத்துக்கும் பயன்படுத்தும் ஆசை வரும். பழைய கப்ளர்களில் பல 1310, 1550 நானோமீட்டருக்கு மட்டும் செய்தவை. ஜிபானில் இறங்கும் வெளிச்சம் 1490. அதில் 10/90 என்று எழுதியிருக்கும் கப்ளர் வேறு விகிதத்தில் பிரிக்கலாம். சாலையோரக் கிராமங்களுக்குக் கப்ளர் வரிசை வசதிதான், மறுக்கவில்லை. மூன்று அலைநீளத்துக்கும் ஆனதாகப் பார்த்து வாங்குங்கள். ஊருக்குள், எல்லாக் காலுக்கும் சமமாகப் பிரிக்கும் பிஎல்சி ஸ்ப்ளிட்டர் போதும்.

டிவிக்கு 1550இல் ஓடும் பான் இடிஎஃப்ஏ (வெளிச்சத்தைப் பெருக்கும் கருவி) ஒன்று வேண்டும். ஓஎல்டி போர்ட்டை அதற்குள் கொடுத்தால் டிவியும் இணையமும் ஒரே கோரில் (இழையில்) வெளியே வரும். வீட்டில் டிவி ஒயர் மாட்டும் ஆர்எஃப் போர்ட் உள்ள ஓஎன்யூ போட வேண்டும். இந்த லைன் முழுக்க, முனை சாய்வாக உள்ள பச்சை ஏபிசி கனெக்டர்தான். நீல யுபிசியைப் பச்சையில் செருகினால் முனைகள் சரியாகப் பொருந்தாது, வெளிச்சம் திரும்பி அடிக்கும், முதலில் கெடுவது டிவி படம். ஓஎல்டியின் எஸ்எஃப்பி வழக்கமாக நீலம் என்பதால் அங்கே மட்டும் ஒரு முனை நீலம், மறுமுனை பச்சை உள்ள பேட்ச் கார்டு தேவைப்படலாம். உங்கள் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இடிஎஃப்ஏவிலிருந்து வருவது 19 டிபிஎம் என்றால் அது சுமார் 80 மில்லிவாட் லேசர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். நோடு வேலையில் பழகிய கையோடு கனெக்டரைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்குப் போகும் டிராப் ஒயரில் உள்ளே இரும்புக் கம்பி இல்லாத, மின்சாரம் கடத்தாத எஃப்ஆர்பி (பிளாஸ்டிக்) கம்பி உள்ளதை எடுங்கள். இ.பி. கம்பங்கள் வழியாக இழுக்கும் ஊர்களில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. இழை ஜி.657ஏ2 என்றால் சுவர் மூலையில் வளைத்தாலும் தாங்கும். ஒழுங்காக இழுத்த ஃபைபர் பெட்டிகள் மாறினாலும் அப்படியே இருக்கும். நாளைக்கு 10 ஜி ரகமான எக்ஸ்ஜிஎஸ்-பான் வந்தால் அது 1577, 1270 நானோமீட்டரில் ஓடும், ஜிபானோடு அதே இழையில் சேர்ந்தே போகும்.

ரவுட்டர், 2 ஆண்டு ஐபி பதிவு வைப்பது எல்லாம் ஃபிரான்சைஸில் பொதுவாக உரிமதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

ஒரே நாளில் 600 ஓஎன்யூ வாங்க வேண்டாம். முதலில் 50, அவற்றில் ஐந்து கையிருப்பு. இன்னொரு சி பிளஸ் எஸ்எஃப்பி அலமாரியில் இருக்கட்டும். பவர் மீட்டரைப் பான் ரகமாக வாங்குங்கள், லைனுக்கு இடையில் மாட்டினால், இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கும் வெளிச்சம், ஏறும் வெளிச்சம் இரண்டையும் காட்டும். ஏதோ ஒரு ஓஎன்யூவின் லேசர் அணையாமல் ஒளிர்ந்து போர்ட்டில் உள்ள 64 வீடும் படுத்துவிட்டால், ஸ்ப்ளிட்டர் காலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த வீடு என்று தேட அந்த மீட்டர்தான் கை கொடுக்கும். ஃபைபர் எங்கே அறுந்தது என்று காட்டும் ஓடிடிஆரை இப்போதைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.