அமெரிக்க நாவல்களின் எல்லைப்புற நாயகன் இரு பண்பாடுகளுக்கும் பாலமாக இருந்தானா?

அமெரிக்கப் புனைகதையில், வெள்ளையர் குடியேற்றங்களின் விளிம்பில் வாழ்பவனாக வரும் எல்லைப்புற நாயகனை வெள்ளையர் உலகுக்கும் பூர்வகுடிகளின் உலகுக்கும் இடையிலான பாலம் என்று சொல்வது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு இரண்டு கரைகளும் நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சேர்க்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது கைக்கு வரும்போது அவன் அதைச் சேர்க்க மறுத்துவிடுகிறான் என்பதே என் பதில். அந்த மரபின் முதல் பெரும் நாயகனான நாட்டி பம்போவை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823 முதல் 1841 வரை எழுதிய ஐந்து நாவல்களில் நாட்டியின் முழு வாழ்வும் விரிகிறது. வெள்ளையருக்குப் பிறந்து டெலவேர் என்ற பூர்வகுடி மக்களிடையே வளர்ந்தவன் அவன். அவர்கள் மொழியைப் பேசுவான். காட்டில் தடம் பார்ப்பதில் அவர்களுக்கு இணையானவன். மொஹிகன் தலைவன் சிங்காச்கூக் அவனுடைய உயிர்த்தோழன். 'பருந்துக்கண்' என்று பொருள்படும் பெயரை அவனுக்குச் சூட்டியவனே, அவன் சுட்டதால் செத்துக்கொண்டிருந்த ஓர் எதிரி வீரன்தான். இவ்வளவையும் படித்தபின் அவனைப் பாலம் என்று அழைக்கத் தோன்றுவது இயல்பு.

ஆனால் 1826இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்' நாவலின் இறுதி அத்தியாயத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 1757ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் நடக்கும் கதை அது. சிங்காச்கூக்கின் மகன் அன்கஸும், ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் மூத்த மகள் கோராவும் கொல்லப்பட்டு, ஒரே நாளில் அடக்கம் செய்யப்படுகிறார்கள். இருவரும் மறுவுலகில் ஒன்றுசேர்வார்கள் என்று டெலவேர்ப் பெண்கள் ஒப்பாரி பாடுகிறார்கள். அங்கிருக்கும் வெள்ளையர்களில் அந்தப் பாட்டின் பொருள் நன்கு விளங்குகிற நாட்டி, அதை ஏற்காமல் தலையசைக்கிறான். கோராவின் தந்தைக்கு அது விளங்கவில்லை, விளங்காமல் போனது நல்லதே என்ற தொனியில் கூப்பரும் எழுதுகிறார். பிறகு மன்றோ, மகளை இழந்த துயரத்திலும், பால், தகுதி, நிறம் என்ற வேறுபாடு எதுவுமின்றி நாம் எல்லோரும் இறைவன் முன் ஒன்றாகக் கூடும் காலம் தொலைவில் இல்லை என்று அந்தப் பெண்களிடம் சொல்லும்படி நாட்டியைக் கேட்டுக்கொள்கிறார். அந்த நாவலிலேயே மிக உயர்ந்த சொற்கள் அவை என்பது என் எண்ணம். நாட்டியோ, அப்படிச் சொல்வது குளிர்காலத்தில் பனி பெய்யாது என்று சொல்வதற்குச் சமம் என்று மறுத்து, அவர்களுக்கு ஏற்றதென்று தனக்குப் பட்ட நன்றியுரையை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறான். இரு தரப்பும் தத்தம் துயரத்தில் ஒருவரையொருவர் நெருங்கிவந்த ஒரே நேரம் அது. அப்போது இரண்டு மொழியும் அறிந்த அந்த மனிதன் வாயை மூடிக்கொண்டான்.

இந்த மறுப்பு தற்செயலானது அன்று. தன் குருதியில் கலப்பில்லை என்று நாவல் நெடுக அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வோர் இனத்துக்கும் கடவுள் தனித்தனி இயல்புகளை அருளியிருக்கிறார் என்பது அவனுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நல்ல பக்கமும் உண்டு: 'தி டீர்ஸ்லேயர்' நாவலில் காலனி அரசு தரும் வெகுமதிக்காக மண்டைத்தோல் உரிக்கக் கிளம்பும் வெள்ளையர்களை அவன் கண்டிக்கிறான், அதே செயலைத் தன் தோழன் செய்தால் அது அவனுடைய மரபு என்று பொறுத்துக்கொள்கிறான். அந்தக் காலத்து நாயகன் ஒருவனிடம் இந்தப் பொறுமை இருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நாவலில் ஹ்யூரான் என்ற பூர்வகுடி மக்கள் அவனைச் சிறைப்பிடித்து, அவன் கொன்ற வீரனின் விதவையை மணந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினால் உயிர் பிழைக்கலாம் என்று சொல்லும்போது, சித்திரவதையை எதிர்கொண்டாலும் அதற்கு உடன்படமாட்டேன் என்கிறான். இறந்தவரின் இடத்தில் அயலாரைத் தத்தெடுத்துக்கொள்வது அந்தப் பகுதி மக்களிடம் உண்மையிலேயே இருந்த வழக்கம். அந்த வழக்கம் நீட்டிய கையை அவன் தட்டிவிடுகிறான்.

அது அந்தக் காலத்தின் எல்லை, கூப்பரை அதற்காகக் குறைசொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அதே ஆண்டுகளில் அந்த எல்லையை மற்றவர்கள் தாண்டியிருக்கிறார்கள். 1824இல் லிடியா மரியா சைல்ட் எழுதிய 'ஹோபோமோக்' நாவலில் ஒரு வெள்ளைப் பெண் பூர்வகுடி ஆணை மணந்து மகனைப் பெறுகிறாள். அந்த மகன் வளர்ந்தபின் தந்தையின் பெயர் மெல்லக் கைவிடப்படுவது வேதனையானது என்றாலும், அந்தத் திருமணம் கதையில் நடக்கிறது. 1827இல் கேத்தரின் மரியா செட்ஜ்விக் எழுதிய 'ஹோப் லெஸ்லி' நாவலில், சிறுவயதில் கடத்தப்பட்ட ஃபெய்த் லெஸ்லி, பூர்வகுடிக் கணவனை விட்டுத் தன் சொந்தத் தமக்கையிடம்கூடத் திரும்ப விரும்புவதில்லை. கற்பனையை விடுங்கள், சிறுமியாகச் சிறைப்பிடிக்கப்பட்டு, செனகா மக்களால் தத்தெடுக்கப்பட்டு, அவர்களோடே வாழ்ந்து முதிர்ந்த மேரி ஜெமிசனின் வாழ்க்கை வரலாறு 1824இலேயே அச்சில் வந்துவிட்டது. இன்று எல்லைப்புற இலக்கியம் என்றதும் நமக்கு இந்தப் பெண்கள் நினைவுக்கு வராமல், துப்பாக்கி ஏந்திய தனியன் ஒருவனே நினைவுக்கு வருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சிங்காச்கூக்குடனான நட்பைப் பொய் என்று நான் சொல்லவில்லை. மகனை அடக்கம் செய்தபின் தனித்துவிட்டேன் என்று கலங்கும் அந்தத் தந்தையிடம், நீ தனியாக இல்லை என்று நாட்டி சொல்லிக் கைகொடுக்கும் இடம் என்னை இன்றும் உலுக்குகிறது. ஆனால் அந்த நட்புக்கு வாரிசு கிடையாது. 'தி ப்ரெய்ரி'யில் எண்பது வயதைத் தாண்டியபின், பானி இனத்து இளைஞன் ஒருவனை நாட்டி மகனாக ஏற்கிறான் என்பது உண்மை. குடும்பமோ நிலமோ எதிர்காலமோ எதுவும் மிச்சமில்லாத முதுமையில்தான் கூப்பர் அதை அவனுக்கு அனுமதிக்கிறார்.

இதில் மறைந்துபோன இன்னொரு தரப்பும் உண்டு. கூப்பரின் 'தி பயனியர்ஸ்' கதை 1793ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் தொடங்குகிறது. அதில் சிங்காச்கூக் முதுமையெய்தி, ஜான் என்ற கிறிஸ்தவப் பெயருடன், குடித்துத் தள்ளாடும் கடைசி மனிதனாக வருகிறான். அதற்கு முந்தைய ஆண்டான 1792இல், ஹெண்ட்ரிக் ஆபமட் என்ற உண்மையான மொஹிகன் தலைவர் அமெரிக்க அரசின் தூதராக மேற்குப் பகுதிப் பழங்குடிகளிடம் சமாதானம் பேசச் சென்றார். அந்தப் பயணத்தைத் தம் கையாலேயே எழுதியும் வைத்தார். அவருடைய மக்கள் இன்று விஸ்கான்சினில் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகமாக வாழ்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே நின்று பேசிய மனிதரைத் தேடுகிறீர்கள் என்றால், நாட்டி பம்போவைப் படிக்கும்போதே ஆபமட்டின் அந்தப் பயணக் குறிப்பையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.