கல் உடைத்த பிறகு நீர் சிவந்தால்...

கேள்வி: டாக்டர் ஐயா, என் கணவருக்கு 54 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறார். இடது சிறுநீரகத்தில் 11 மி.மீ. கல். அதிர்வலை கொடுத்து உடைக்கலாம் என்கிறார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். உள்ளே ரத்தம் கட்டிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. செய்யலாமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் அந்த ஆஸ்பிரின் விஷயத்தை முடித்துவிட்டுத்தான்.

1980-ல் மியூனிக் நகரில் தொடங்கிய சிகிச்சை இது, கத்தி படாது. முடிந்ததும் ஓரிரு நாள் சிறுநீர் மீன் கழுவிய தண்ணீர் நிறத்தில் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். அக்கா சொன்னது வேறு. அதிர்வு கல்லோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள சதையிலும் படுகிறது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அங்கே நுண்குழாய் கிழிந்தால் சிறுநீரக உறைக்கு அடியில் ரத்தம் கட்டும். தொந்தரவு தரும் அளவுக்கு அப்படி ஆவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கட்டுப்படாத ரத்த அழுத்தமும், ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும்தான் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒருவரை நான் மறக்கவில்லை. "மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதற்கு இல்லை என்றார். தினமும் போடும் சின்ன வெள்ளை மாத்திரையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கல் உடைத்த அன்று இரவே முதுகில் தாங்க முடியாத வலி, வியர்வை, தலைசுற்றல். ஸ்கேனில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, அசையாமல் படுக்கவைத்தோம். சிறுநீரகம் தப்பியது, கட்டி கரைய மாதக்கணக்கானது. அன்றிலிருந்து நான் வாயால் கேட்பதோடு விடுவதில்லை, "சட்டைப்பையில் இருப்பதை எடுங்கள்" என்கிறேன்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் அதிர்வலையை விட்டுவிட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் செலுத்தி லேசரில் உடைக்கலாம். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். கருவாடு இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது, ஆனாலும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்.

உடைத்த பிறகு முதுகுவலி குறையாமல் ஏறினாலோ, தலை சுற்றினாலோ, சிறுநீரில் கட்டிகட்டியாக ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்கு அவர் வலை இழுக்க வேண்டாம். நடுக்கடலில் வலி வந்தால் கரை சேரவே மணிக்கணக்காகும். படகுக்காரரிடம் இப்போதே சொல்லி, வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள்.