முதலில் எளிய பீரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சிறு கூடங்களில் குறைந்த அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டு, இந்த இதழ் முழுவதும் அந்த ஒரு விஷயத்துக்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தஞ்சாவூரைச் சேர்ந்த நான் வேலை நிமித்தமாகப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வசிக்கிறேன். வார இறுதியில் நண்பர்கள் ஏதாவது ஒரு மைக்ரோ ப்ரூவரிக்கு, அதாவது பீரை அங்கேயே காய்ச்சிப் பரிமாறும் கூடத்துக்கு, அழைத்துப் போகிறார்கள். எல்லா இடங்களிலும் உயரமான கூரை, தொங்கும் விளக்குகள், காதைப் பிளக்கும் பாட்டு. விலையும் அதிகம். தேடிப் போகத் தகுந்த இடம் எது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: புதிய ஊரில் ஓர் உணவகத்துக்குள் நுழையும் நம் ஊர்க்காரர், பட்டியலில் முப்பது வகை தோசை இருந்தாலும், முதலில் இரண்டு இட்லி சொல்லிப் பார்ப்பார். மாவு எப்படிப் புளித்தது, உளுந்து எவ்வளவு சேர்ந்தது என்பதையெல்லாம் இட்லியில் ஒளித்துவைக்க முடியாது. பீருக்கும் அதே சோதனையைத்தான் நான் சொல்வேன். மாம்பழம், காப்பி, மிளகாய் எல்லாம் சேர்த்த பீர் சுவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சேர்மானங்களுக்குப் பின்னால் எத்தனையோ குறைகள் மறைந்துகொள்ளும். ஆகவே பட்டியலில் இருப்பதிலேயே மிக எளிய பீரை, முடிந்தால் ஒரு லாகரை, முதலில் கேளுங்கள்.

லாகரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோதுமை பீர் போன்ற ஏல் வகைகள் சற்று வெப்பமான நிலையில் நொதித்து, இரண்டு மூன்று வாரங்களில் குவளைக்கு வந்துவிடும். லாகரோ குளிரில் மெதுவாக நொதித்து, பிறகு உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வாரக்கணக்கில் தொட்டியிலேயே கிடந்து முதிர வேண்டும். வாடகை மிகுந்த நகரத்தில், ஐந்தாறு தொட்டிகளே வைத்திருக்கும் ஒரு சிறு கூடம், அவற்றுள் ஒன்றை ஆறு வாரம் லாகருக்காக விட்டுக்கொடுக்கிறது என்றால், அந்த இடத்தில் இரண்டு மூன்று ஏல்கள் விற்று வந்திருக்கக்கூடிய வருமானத்தை இழக்க அந்த முதலாளி சம்மதித்திருக்கிறார் என்று பொருள். அந்தப் பொறுமை நாக்கில் தெரியும். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மெல்லிய ரொட்டி மணமும் ஹாப்ஸ் என்னும் கொடிப் பூவின் கசப்பும் வந்து, வாய் சுத்தமாகி, அடுத்த மிடறைக் கேட்கும்.

அடுத்து, பீர் ஊற்றும் குழாய்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். பீர் ஓர் உணவுப்பொருள், அது பழசாகும். இருபது குழாய் வைத்திருக்கும் இடத்தில் ஆறு வகை மட்டுமே வேகமாக விற்கிறது என்றால், மீதிப் பதினான்கும் பீப்பாயில் காத்துக் கிடக்கின்றன. ஹாப்ஸ் மணத்துக்காகவே குடிக்கப்படும் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைக்கு இந்தக் காத்திருப்பு பெரும் கேடு. சில வாரங்களிலேயே அந்த மணம் மங்கத் தொடங்கிவிடும். நன்றாக விற்கும் எட்டுக் குழாய்கள் எவ்வளவோ மேல். நல்ல இடங்களில் கரும்பலகையில் பீரின் பெயரோடு ஆல்கஹால் அளவும், சில இடங்களில் பீப்பாய் திறந்த நாளும் எழுதியிருப்பார்கள். அந்தப் பலகையைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

பிறகு குவளையைப் பாருங்கள். பீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருக்கிறது. சுத்தமான குவளையில் குமிழிகள் எங்கும் தங்காமல் மேலே ஏறும். குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மிடறுக்கும் ஒன்றாக, நுரை வளையம் வளையமாகச் சுவரில் படிந்து நிற்கும். எத்தனை மிடறு என்று எண்ணிவிடலாம் போல அது அவ்வளவு தெளிவாக இருக்கும். குவளையை இப்படிக் கழுவுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத குழாய்களையும் கழுவுவார்கள் என்று நம்ப இடமுண்டு. பீப்பாயிலிருந்து வரும் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது காரக் கரைசல் கொண்டு கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்களின் சங்கம் வகுத்துள்ள நெறி. தவறினால் ஈஸ்டும் பாக்டீரியாவும் உட்சுவரில் படலமாகப் படிந்து, மிக நல்ல பீரையும் கெடுத்துவிடும். கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று பரிமாறுபவரிடம் கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு நாளைச் சொல்வாரானால், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இந்தியாவில் இந்தத் தொழில் இன்னும் இளம் பருவத்தில்தான் இருக்கிறது. புனேயில் டூலாலி என்னும் கூடம் 2009-இல் தொடங்கியது. பெங்களூரு இந்திராநகரில் டாய்ட் 2010-இல் வந்தது. டாய்ட் பாஸ்மதி அரிசியைச் சேர்த்து ஒரு வெளிர் பீர் காய்ச்சுகிறது. இந்த மண்ணின் தானியத்தை எடுத்து, அதை விளம்பரத்துக்கான வேடிக்கையாக்காமல் அன்றாடப் பீராகவே தருகிற இத்தகைய முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். முடிந்தால் ஒரு வேலைநாளின் பிற்பகலில், கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் நாளாக அது அமைந்தால், கூடம் முழுவதும் ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததுபோல் மணக்கும். ஹார்லிக்ஸிலும் இருப்பது பார்லி மால்ட்தானே. காய்ச்சுபவரும் அப்போது இரண்டு வார்த்தை பேசும் நிலையில் இருப்பார்.

பல வகைகளைச் சுவைக்க விரும்பினால், சிறு குவளைகளில் மாதிரி தரும் இடமா என்று பாருங்கள். ஐந்து சதவிகித பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எட்டு சதவிகித பீரானால் 300 மில்லியிலேயே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். ஆகவே சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு பிராகுக்கும் ஜெர்மனிக்கும் சுற்றுலா செல்கிறோம். பழைமையான பீர்க்கூடங்கள் பலவற்றைப் பட்டியலிடுகிறார்கள். ஒன்றிரண்டு மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: பிராகில் 1499 முதல் பீர் காய்ச்சி வரும் ஊ ஃப்ளெக்கூ புகழ்பெற்றது, அதன் கறுப்பு லாகருக்காக ஒரு முறை போகலாம். ஆனால் ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால், பழைய நகரத்தில் உள்ள ஊ ஸ்லாட்டேஹோ டிக்ரா, அதாவது 'பொற்புலி' என்னும் கூடத்தையே நான் சொல்வேன். எழுத்தாளர் போஹுமில் ஹ்ரபல் நாள்தோறும் வந்து அமர்ந்த இடம் அது. 1994-இல் செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல், அமெரிக்க அதிபர் பில் கிளின்டனை அங்கேதான் அழைத்து வந்தார். அங்கே பெயர் பெற்றது ஒரே பீர்: பில்சன் நகரில் 1842-இல் யோசெஃப் குரோல் முதன்முதலாகக் காய்ச்சிய, உலகத்தின் பொன்னிற லாகர்களுக்கெல்லாம் மூத்ததான பில்ஸ்னர். நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார வேண்டும். பரிமாறுபவர் ஒரு சிறு காகிதத் துண்டில் குவளைக்கு ஒரு கோடு கிழித்துவைத்துப் போவார். எழும்போது கோடுகளை எண்ணிப் பணம் வாங்குவார்.

அங்கே நுரையைக் கவனியுங்கள். குவளையில் மூன்று விரல் கனத்துக்கு ஈரமான, பால் போன்ற நுரையோடு ஊற்றுவதை ஹ்லாதின்கா என்கிறார்கள். நம்மவர்கள் பலர் நுரையைக் கண்டால் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறோம். செக் குவளையில் அளவுக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே நிற்க வேண்டும். காற்று பட்டுப் பீர் கெடாமல் காக்கும் மூடி அந்த நுரைதான். மணத்தைப் பிடித்துவைப்பதும் அதுவே. டபராவில் ஆற்றி நுரை பொங்கக் கொடுக்கும் காப்பியைக் குறை என்று நாம் சொல்வதில்லை அல்லவா? ஏறக்குறைய முழுக் குவளையையும் நுரையாகவே நிரப்பித் தரும் மிலீக்கோ என்னும் முறையும் அங்கே உண்டு. செக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பால் என்று பொருள். அது இனிப்பாக இருக்கும்; நுரை கலைவதற்குள் குடித்துவிட வேண்டும்.

ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள ஷ்லென்கெர்லா கூடத்தில், பீச் (beech) என்னும் காட்டு மரத்தின் நெருப்பில் உலர்த்திய மால்ட்டால் காய்ச்சிய புகைமணப் பீரை மரப் பீப்பாயிலிருந்தே நேரடியாக ஊற்றித் தருவார்கள். முதல் மிடறு விறகடுப்பின் புகை மூக்கில் ஏறியதுபோல் இருக்கும். நான் முதல் முறை குவளையைத் தள்ளிவைத்துவிட்டேன். எதிரே இருந்த முதியவர் சைகையால் பொறுக்கச் சொன்னார். பாதிக் குவளைக்குப் பிறகு புகை பின்வாங்கி, கருகிய வெல்லம் போன்ற இனிப்பு மேலே வந்தது. எந்த ஊரிலும் கிடைக்கும் பீருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தப் புகை அந்த ஊருக்குச் சொந்தமானது.

கேள்வி: சேலத்தில் கடையில் வாங்கும் பாட்டில் பீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. பெங்களூரில் கொடுத்தது கலங்கலாக இருந்தது. கெட்டுப்போனதா?

பதில்: கோதுமை பீராக இருந்திருந்தால் கலங்கல்தான் இயல்பு. கோதுமையின் புரதமும் வடிகட்டாமல் விட்ட ஈஸ்டும் அந்தக் கலங்கலைத் தருகின்றன. அதில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்திருக்கும். இரண்டையும் யாரும் சேர்ப்பதில்லை, அந்த ஈஸ்டே உண்டாக்குகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் இருப்பதால், நமக்குப் பெரும்பாலும் பழக்கமானது வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி அடைத்த பாட்டில் பீர்தான். ஆனால் பில்ஸ்னர் என்று சொல்லித் தந்தது கலங்கலாகவும் புளிப்பாகவும் இருந்தால், அது வேறு விஷயம். அடுத்த கடிதத்துக்கான பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கூடத்தில் பீர் புளித்திருந்தது. சொன்னேன். "கிராஃப்ட் பீர் என்றால் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் பரிமாறியவர். நண்பர்கள் முன்னிலையில் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்தக் கூச்சம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தில், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கூடத்தில் கேட்ட வெளிர் ஏல், சினிமா அரங்கின் பாப்கார்ன் வெண்ணெய்போல மணந்தது. இதே பதிலைத்தான் எனக்கும் சொன்னார்கள். நானும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பேசாமல் வந்ததற்காக இன்றும் வருந்துகிறேன். அந்தக் குழாயிலிருந்து அன்று மாலை இன்னும் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்!

புளிப்பே பீரின் இலக்கணமான வகைகள் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் காற்றில் உலவும் காட்டு ஈஸ்டால் நொதிக்கும் லாம்பிக், உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்த ஜெர்மனியின் கோஸே ஆகியவை அப்படிப்பட்டவை. பட்டியலில் அப்படி எழுதியிருந்தால் புளிப்பைக் குறையென்று சொல்ல முடியாது. எழுதாத பீரில் காடியின் (வினிகரின்) நெடி, வெண்ணெய் மணம், நனைந்த அட்டையின் சுவை இவற்றுள் ஏதேனும் இருந்தால் குறை இருக்கிறது என்றே கொள்ளலாம். காடி நெடியும் வெண்ணெய் மணமும் பெரும்பாலும் கழுவாத குழாயிலிருந்து வரும். வெண்ணெய் மணம் அவசரப்பட்டு இறக்கிய பீரிலும் வரும். அட்டைச் சுவை பீர் பழசாகி, காற்று பட்டதன் அடையாளம்.

இரண்டு மிடறுக்கு மேல் குடிக்காமல், பரிமாறியவரை அழைத்து, "இந்தப் பீரை ஒரு வாய் சுவைத்துப் பார்க்கும்படி காய்ச்சுபவரிடமோ மேலாளரிடமோ சொல்ல முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். அக்கறையுள்ள இடத்தில் அவர் வந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார், குழாயையும் மூடிவைப்பார். என் கணக்கில், ஒரு கூடத்துக்கு இரண்டாம் முறை போகலாமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. அலுவலகத் தோழிகள் பிறந்தநாள் என்று அழைக்கிறார்கள். அங்கே எனக்கு என்ன இருக்கிறது? (சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறியிருக்கும் வாசகி)

பதில்: நல்ல கூடமாக இருந்தால் நிறையவே இருக்கும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தோட்டக் கூடங்களில் பீரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவரும் உரிமை மக்களுக்கு உண்டு. அதனால் பாட்டியும் பேரக்குழந்தைகளும் கூட மரநிழலில் வந்து அமர்கிறார்கள். அங்கே குடிக்காதவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஒயிட்ஃபீல்டில் 2012-இல் தொடங்கிய விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸில் புத்தக அடுக்குகளும் ஜாஸ் இசைக்கான அரங்கும் இருக்கின்றன. நீங்கள் போகும் இடத்தில் கேட்டவுடன் குடிதண்ணீர் வருகிறதா, பீர் அல்லாத பானத்தையும் அதே கவனத்தோடு செய்கிறார்களா, பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். காய்ச்சும் தொட்டிகளைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மென்றுபார்க்க ஒரு பிடி மால்ட் கேளுங்கள். வறுத்த பொட்டுக்கடலைபோல மொறுமொறுவென்று, முடிவில் இனிக்கும். அதைக் கையில் கொடுக்க யோசிக்கிற இடமாக இருந்தால், பிறந்தநாளை வேறெங்காவது வைத்துக்கொள்ளும்படி தோழிகளிடம் சொல்லுங்கள்.